திருவல்லிக்கேணியில் ஒரு மொட்டை மாடி!

சேப்பாக்கம் மைதானத்தில் சிக்ஸர் பறந்தால் விசில் சத்தம் காதில் விழும். அவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன திருவல்லிக்கேணி மேன்ஷன்கள். பறக்கும் ரயிலில் இறங்கி, பாரதி சாலை பழைய புத்தகக் கடைகளை வேடிக்கை பார்த்தபடி நடந்தால், சந்துக்குச் சந்து பேச்சுலர் பனியன்கள் காயும். வேலை தேடி சென்னைக்கு வருகிற பசங்களில் பலருக்கு இதுதான் முதல் விலாசம். 2009-ல் எனக்கும்!

2008 செப்டம்பர் 15-ல் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. அதுக்கும் விருதுநகர் பக்கத்து கிராமத்துப் பையனுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு பாஸ்! நம்ம ஊர் ஐ.டி. கம்பெனிகளின் பெரிய கஸ்டமர்களில் அமெரிக்க பேங்க்குகளும் உண்டு. 2009 அக்டோபரில் அங்கேயே வேலையில்லாதவர்கள் 10 சதவிகிதம். இங்கே, கேம்பஸில் வாங்கிய ஆஃபர் லெட்டர் என் பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஜாயினிங் தேதிதான் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

ஒரு ரூமில் நாலு பேர். காலையில் குளிக்க பக்கெட்டோடு க்யூ. அப்புறம் மணிக்கு 20 ரூபாய் பிரவுசிங் சென்டர். நௌக்ரியில் தினமும் ரெஸ்யூமேயைக் கொஞ்சம் மாற்றி சேவ் பண்ணுவோம். அப்போதான் கம்பெனிக்காரங்க தேடும்போது மேலே தெரியுமாம். நூறு இடத்துக்கு மேல் அப்ளை பண்ணினேன். பதில் வந்தது மூணே மூணு. அதில் ஒன்று டெபாசிட் கேட்டது!

நான் உஷாராயிட்டேன். என் ரூம்மேட், திருச்சிக்காரன், ஆகவில்லை. 'பேக் டோர்' வேலைன்னு ஒரு ஏஜென்ட்டிடம் 60 ஆயிரம் கட்டினான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோடு ரெண்டு பேரும் ரயில் பிடித்து திருவான்மியூரில் இறங்கி, ஓ.எம்.ஆரில் அந்த விலாசத்தைத் தேடினோம். "இந்தப் பேர்ல இங்க கம்பெனியே இல்லப்பா" என்றார் செக்யூரிட்டி. திரும்பி வரும்போது அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவன் அக்கா கல்யாணத்துக்குச் சேர்த்த சீட்டுப் பணம்.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் அவனைத் தனியாக விட பயந்து கூடவே உட்கார்ந்திருந்தேன். துணி எடுக்க வந்தார் மூணாவது மாடி அண்ணன். பக்கெட் க்யூவில் பார்த்த பழக்கம் மட்டும்தான், பேர்கூடத் தெரியாது. எங்க மூஞ்சியைப் பார்த்தவர் விஷயத்தைக் கேட்டார். "எங்க ஆபீஸ்ல டெஸ்டிங்குக்கு ஆள் எடுக்குறாங்க. ரெஸ்யூமேயை பென்டிரைவ்ல போட்டுக் குடுங்கடா" என்றார். ரெண்டு வாரத்தில் இன்டர்வியூ. எனக்கு 8 ஆயிரம் சம்பளத்தில் வேலை. திருச்சிக்காரனுக்கு அங்கே கிடைக்கவில்லை. ஆனால் அண்ணனின் நண்பர் மூலம் கால் சென்டரில் நைட் ஷிஃப்ட். ரெண்டு வருஷத்தில் அக்கா பணத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

மார்க் கிரனோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியல் அறிஞர் 1973-லேயே இதை எழுதியிருக்கிறார். தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களை விசாரித்தால், தகவல் சொன்னவர் பெரும்பாலும் நெருங்கிய நண்பர் இல்லை, எப்போதாவது பார்க்கிற ஆள்! காரணம் சிம்பிள். நம்ம ஃப்ரெண்டுக்குத் தெரிஞ்சது நமக்கும் தெரியும். மூணாவது மாடிக்குத் தெரிஞ்சது மூணாவது மாடிக்குத்தான் தெரியும்.

போன மாதம் அந்த சந்துக்குப் போனேன். பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் மொபைல் கவர் கடை. டீக்கடையில் ஒரு தம்பி செல்போனை நீட்டினான். "அண்ணா, டெலிகிராம்ல வேலை வந்திருக்கு. ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 2 ஆயிரம் கட்டணுமாம்... கட்டலாமா?"

திருச்சிக்காரன் முகம் ஞாபகம் வந்தது. "வேலை குடுக்குறவன் காசு கேக்க மாட்டான்டா" என்றேன். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் உடனே 1930-க்கு போன் பண்ணணும் என்பதையும் சொன்னேன்.

"லிங்க்ட்இன்ல ரிக்வெஸ்ட் குடுக்கட்டுமாண்ணா?"

"குடு. ரெஸ்யூமேயும் அனுப்பு."

பேர் கேட்க மறந்துட்டேன் ஃப்ரெண்ட்ஸ். ரிக்வெஸ்ட் வந்த பிறகுதான் தெரிந்தது!