திருவண்ணாமலைக்கு மிதிக்க நாள் பார்த்தல்

நெடுந்தூர சைக்கிள் சவாரிகளில் பி.ஆர்.எம். என்பது பந்தயம் அல்ல. முதலிடமும் பரிசுப் பணமும் கிடையாது. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும். 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. நான்கையும் நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியும் ஒரே பருவத்துக்குள் முடித்தவர் ‘சூப்பர் ரேண்டனர்’. விதிகளை வகுத்தது பாரிஸின் ஆடாக்ஸ் கிளப். சென்னையில் இச்சவாரிகளை நடத்தும் குழுக்களில் ஒன்று மெட்ராஸ் ரேண்டனர்ஸ்.

நான்குக்கும் சேர்த்து விதி தரும் நேரம் நூறரை மணி. ‘வருஷத்துக்கு நாலு சனி, ஞாயிறுதானே’ என்று சொல்லி வீட்டில் சம்மதம் வாங்குகிறவர்கள் உண்டு. அது பாதிக் கணக்கு. பிள்ளைகள் பள்ளி வேன் ஏறுமுன் முடிக்க வேண்டிய பயிற்சியும், ஒவ்வொரு ஞாயிறு காலையும் அதில் சேரவில்லை. வீட்டுச் சண்டை சவாரி நாளில் வருவதும் அரிது. ஞாயிறு பதினொரு மணிக்குத் திரும்பியவர் சாப்பிட்டுவிட்டு மாலைவரை தூங்குவாரே, அப்போதுதான் வரும்.

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை ஏறத்தாழ 190 கி.மீ. ஒரு பக்கம் மிதித்தால் 200க்கும், போய்த் திரும்பினால் 400க்கும் நல்ல ஒத்திகை. ஆனால் இந்தச் சாலைக்கு நாள் குறிப்பது நிலவு. பௌர்ணமியன்று 14 கி.மீ. கிரிவலத்துக்கு வரும் கூட்டத்துக்காக ஊருக்கு வெளியிலேயே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் முளைத்துவிடும். அமாவாசை இரவிலோ செஞ்சிப் பக்கத்து மேல்மலையனூரில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம், வேன்கள் வரிசைகட்டும். கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களைச் சொல்லவே வேண்டாம். ஆக மாதத்தில் எஞ்சுவது இரண்டு வார இறுதி. அதில் ஒன்றை யாராவது ஒரு மச்சான் கல்யாணம் எடுத்துக்கொள்ளும்.

முகூர்த்தம் இல்லாத மாதங்கள் ஆடியும் மார்கழியும். ஆடியில் அம்மியைத் தூக்கும் காற்று மேற்கிலிருந்து வரும். திண்டிவனத்தில் மேற்கே திரும்பியதிலிருந்து அது நேரே நெஞ்சில் அடிக்கும். மார்கழியே மேல். வாடைக்காற்று போகும்போது முதுகில் கை வைக்கும் (திரும்பும்போது பழி வாங்கும் என்பது வேறு). இன்னொரு சலுகையும் உண்டு: நாலரை மணிக்கு வாசலில் கோலம் போட வீடே விழித்திருக்கும், யாரையும் எழுப்பிவிட்ட குற்றம் இராது. அரையாண்டு விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய வாரம் உத்தமம்.

விடுமுறையில்தான் முடியும் என்றால், குடும்பத்தையும் கிளப்புவதே வழி. சைக்கிள் விடியுமுன் புறப்பட, மற்றவர்கள் காலைப் பலகாரம் முடித்துப் பேருந்தில் வந்தாலும் முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆளுக்கொரு பயணம், ஒரே ஊர். ஆனால் இது பயிற்சிக்கு மட்டும் சரி. பி.ஆர்.எம். நாளில், வழியில் அட்டைக்கு முத்திரை வாங்கும் கட்டுப்பாட்டு நிலையங்களைத் தவிர வேறெங்கும் வெளியுதவி கூடாது. பின்னாலேயே கார் வந்து இட்லி கொடுத்தால் சவாரி செல்லாது.

வழியில் வயிற்றுக்குக் குறைவில்லை. மோர், வாழைப்பழம், வேகவைத்த வேர்க்கடலை எல்லாம் கிடைக்கும். தடுமாற வைப்பது டீக்கடைக் கேள்விதான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஹெல்மெட்டைக் கழற்றி உட்கார்ந்தவரிடம் பெரியவர் ஒருவர் விசாரிப்பார்.

“மெட்ராஸ்லருந்தா? வேண்டுதலா தம்பி?”

“இல்லைங்கய்யா, சும்மாதான்.”

“சும்மாவா! ஊட்ல ஒண்ணும் சொல்லல?”

கேள்வி நியாயமானது. வேண்டுதல் என்றால் வீடே கட்டுச்சோறு கட்டி அனுப்பும். மாமியார் விபூதி பூசிவிடுவார். அதே தூரம், அதே வெயில், சும்மா என்றால் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. நேர்த்திக்கடனில் குடும்பத்துக்கும் பங்கு உண்டு, பிரசாதம் வரும். பி.ஆர்.எம். அட்டையில் இருப்பது ஒருவர் பெயர் மட்டும். வேர்வையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நிலையத்துக்கு நிலையம் முத்திரை வாங்கிவரும் அந்த அட்டையால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. குடும்பம் கணக்குப் பார்ப்பதில் தவறு காண முடியாது.

இந்த ஆசையின் உச்சி பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ்: 1891இல் தொடங்கியது, சுமார் 1,200 கி.மீ., 90 மணி நேரம், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. 2023க்குப் பின் அடுத்தது 2027இல். தகுதி பெற அந்தப் பருவத்திலேயே 200, 300, 400, 600 நான்கையும் முடித்திருக்க வேண்டும். எண்ணம் உள்ளவர்கள் வீட்டில் இப்போதே பேச்சை எடுப்பது நல்லது.