ஒரு பெயருக்குள் எத்தனை பாம்புகள்

அப்பா மறைந்து ஓராண்டு கழித்து அவருடைய ஹோமியோபதிப் பெட்டியைத் திறந்தேன். தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். மாலை வேளைகளில் திண்ணையில் அமர்ந்து, கேட்டு வருபவர்களுக்குச் சர்க்கரை உருண்டைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். பெட்டியிலிருந்த குப்பிகளில் ஒன்றின்மேல் அவருடைய கையெழுத்தில் 'லாக்கெசிஸ் 30' என்றிருந்தது. சிறுவயதில் நான் தொட அஞ்சிய குப்பி அது. "பாம்பு விஷத்துல செஞ்சதுடா" என்று சொல்லியிருந்தார். என்ன பாம்பு என்று கேட்டதற்கு "அமெரிக்கப் பாம்பு" என்றார். அவருக்கு அவ்வளவுதான் தெரியும். நாற்பத்தைந்து வயதுவரை எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

நூற்றில் ஒரு பங்கு என முப்பது முறை நீர்க்கச் செய்த மருந்தில் விஷத்தின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சியிருக்க வழியில்லை. ஆகவே குப்பிக்குள் இருந்தது பெயர் மட்டுமே. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன்.

தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள சுரிநாமில் தங்கியிருந்த கான்ஸ்டன்டின் ஹெரிங் என்ற ஜெர்மானிய மருத்துவர், 1828இல் அங்கே பிடிபட்ட ஒரு பாம்பின் விஷத்தை எடுத்துத் தம்மீதே சோதித்துப் பார்த்தார். அதுவே அப்பாவின் குப்பிக்கு மூலம். அந்தப் பாம்பு அதற்கு முன்பே ஏட்டில் ஏறியிருந்தது. 1766இல் லின்னேயஸ், அதே சுரிநாமிலிருந்து கிடைத்த விவரத்தைக் கொண்டு அதற்கு 'ஊமைக் கிலுகிலுப்பைப் பாம்பு' என்று பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். வாலில் கிலுகிலுப்பை இல்லை என்பதால் ஊமை. உண்மையில் அது முழு ஊமையுமன்று. சினந்தால் வாலைச் சருகில் அடித்து ஓசை எழுப்பும். 1803இல் பிரெஞ்சு அறிஞர் தோதேன் அதைத் தனிப் பேரினமாக்கி 'லாக்கெசிஸ்' என்றார். கிரேக்கத் தொன்மத்தில் மனிதரின் ஆயுள் நூலை அளந்து கொடுக்கும் தேவதையின் பெயர் அது. ஆங்கிலத்தில் புஷ்மாஸ்டர்.

நம்முடைய மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள குழிவிரியன்களுக்குத் தூரத்து உறவு. கண்ணுக்கும் நாசிக்கும் இடையே வெப்பத்தை உணரும் குழி இதற்கும் உண்டு. ஆனால் விரியன்களில் இதுவே உலகில் மிக நீளமானது. பத்தடியைத் தாண்டுவதும் உண்டு. அமெரிக்கக் கண்டங்களின் குழிவிரியன்கள் அநேகமாகக் குட்டி போடுபவை. இதுவோ முட்டையிட்டு, அவற்றைச் சுற்றிச் சுருண்டு காவல் இருக்கிறது. ஈரம் குன்றாத அடர்ந்த காட்டில், எலிகள் நடமாடும் தடத்தருகே நாட்கணக்கில் அசையாமல் காத்திருக்கும். காடு அழிந்தால் தோட்டத்திற்கோ வயலுக்கோ எளிதில் குடிபெயரத் தெரியாத உயிர்.

அறிஞர்கள் வாலைப் பார்த்துப் பெயரிட்டார்கள் என்றால், அதனுடன் வாழும் மக்கள் அதன் தோலைப் பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள். முதுகுச் செதில்கள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். கொலம்பியாவில் 'மரு உடையது' என்கிறார்கள். வெனிசுவேலாவில் அன்னாசியின் பெயரைச் சேர்த்துச் சொல்கிறார்கள். பிரேசிலில் 'சுருகுகு பிகோ டி ஜாகா'. ஜாகா என்றால் பலாப்பழம். போர்த்துகீசியர் மலையாளத்துச் 'சக்க'யை ஜாகா ஆக்கி, பழத்தையும் சொல்லையும் பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள். பலா முள்ளைப்போன்ற செதில் என்பதால் பாம்புக்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. குற்றாலத்தில் கூறுகட்டி விற்கும் பழத்தின் பெயர் அட்லாண்டிக் கடலோரக் காட்டில் ஒரு பாம்பின்மேல் ஊர்ந்துகொண்டிருப்பதை அறிந்தபோது, அப்பா இருந்திருந்தால் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது.

நெடுங்காலம் இவை எல்லாமே ஒரே பாம்பு என்றுதான் பொதுவில் கருதப்பட்டன. இடத்துக்கு இடம் தெரிந்த வேறுபாடுகள் துணையினங்கள் என்ற அளவிலேயே நின்றன. 1986இல் கோஸ்டா ரிக்காவின் சொலோர்சானோ, செர்தாஸ் இருவரும், அந்நாட்டின் தென்மேற்கே பசிபிக் பக்கத்தில் வாழும் கருந்தலைப் பாம்பைத் துணையினமாகத்தான் விவரித்தார்கள். 1997இல் கெல்லி ஸமூடியோவும் ஹாரி கிரீனும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை ஒப்பிட்டார்கள். தென் அமெரிக்கப் பாம்பும் மத்திய அமெரிக்கப் பாம்பும் பிரிந்து பல மில்லியன் ஆண்டுகள் ஆகின்றன என்று தெரிந்தது. ஆண்டிஸ் மலை எழுந்து இவற்றைப் பிரித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. அதேபோல் தலமாங்கா மலைத்தொடர் எழுந்து, கரீபியன் சரிவின் பாம்பைக் கருந்தலையிடமிருந்து விலக்கியது. முதல் பாம்பு நிகராகுவாவின் தெற்கிலிருந்து பனாமா வரை. இரண்டாவது ஒரு சிறு மூலையில் மட்டும். பின்னர், கிழக்குப் பனாமாவிலிருந்து கொலம்பியா, ஈக்வடாரின் பசிபிக் காடுகள்வரை வாழும் பாம்பும் தனி இனமாக ஏற்கப்பட்டது. லின்னேயஸின் பெயர் அமேசான் பக்கத்துப் பாம்போடு தங்கியது. திணைக் கோட்பாட்டை வகுப்பில் நடத்தி வருபவனுக்கு, நிலம் உயிரை வகுத்த இந்தக் கதையில் வியப்பைவிட நெருக்கமே அதிகம்.

என்னை உறங்கவிடாமல் செய்தது, பலாவின் பெயர் தாங்கிய அந்த அட்லாண்டிக் காட்டுப் பாம்புதான். அமேசானுக்கும் அதற்கும் இடையே பிரேசிலின் வறண்ட நிலங்கள் கிடக்கின்றன. 1824இல் ஜெர்மானிய இளவரசர் மாக்ஸிமிலியன் அதற்கு 'ரொம்பியாட்டா' என்று பெயரிட்டார். பின்னர் அது துணையினமாக இறக்கப்பட்டது. 2004இல், செதில்களையும் உருவத்தையும் ஆராய்ந்த ஒரு மறுபார்வை, பிரித்துக் காட்ட உறுதியான அடையாளம் இல்லை என்று அந்தப் பெயரையே அமேசான் பாம்பின் பெயருக்குள் கரைத்துவிட்டது. அந்த ஆய்வாளர்கள் நேர்மையாகவே செய்தார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள். அமேசான் பெருங்காடு, அங்குள்ள பாம்புக்கு உடனடி ஆபத்தில்லை. அட்லாண்டிக் காடோ துண்டு துண்டாகச் சிதைந்து சிறுபகுதியே எஞ்சியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால், கடற்கரைக் காட்டில் கடைசிப் பாம்பு மடிந்தாலும் ஏட்டில் எதுவும் அழிந்திராது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தேன். ஏனெனில் இதையே நான் செய்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் எம்.ஃபில். செய்த மாணவி, ஒரு மலையின் இருபுறத்துச் சிற்றூர்களில் நடவுப் பாடல்களைச் சேகரித்தாள். மேற்குப் பக்கத்தில் ஒரு மூதாட்டி பாடியதும் கிழக்குப் பக்கத்தில் பலர் பாடுவதும் ஒரே பாடல்போல் தெரிந்தாலும் இரண்டும் வெவ்வேறு என்று பதினோரு பக்கம் எழுதியிருந்தாள். மெட்டு வேறு, விளிக்கப்படும் தெய்வம் வேறு என்பது அவள் வாதம். "சான்று போதாதும்மா. பாடபேதம்னு அடிக்குறிப்புல போட்டுடு" என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை. பதினோரு பக்கம் இரண்டு வரி ஆயிற்று. மூதாட்டி அதற்கடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். அந்தப் பாடல் தெரிந்தவர் இன்று அவ்வூரில் எவருமில்லை. எங்கள் நூலகத்து ஆய்வேட்டைப் புரட்டுபவருக்கு அப்படியொரு பாடல் இருந்ததும் தெரியாது, அழிந்ததும் தெரியாது.

2024இல் வெளியான ஓர் ஆய்வு அட்லாண்டிக் காட்டுப் பாம்பைத் தனி இனமாக மீண்டும் நிறுவியிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்குப் பின் ரொம்பியாட்டா என்ற பெயர் திரும்பி வந்திருக்கிறது. வகைப்பாட்டில் கருத்து மாறுவது இயல்பு. நாளை வேறொருவர் மறுக்கவும் கூடும். திரும்பப் பெயர் சூட்ட அந்தப் பாம்பு உயிரோடு இருந்தது என்பதுதான் முக்கியம்.

மறுநாள் அந்த மாணவியைத் தொலைபேசியில் அழைத்தேன். இப்போது ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. அந்தப் பதினோரு பக்கங்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை.

"நீங்கதானே ஐயா எடுக்கச் சொன்னீங்க" என்றாள். குற்றம் சாட்டும் குரலில்லை. ஒலிப்பதிவு செய்த நாடா பூஞ்சை பிடித்துப் போயிற்றாம். கையெழுத்துக் குறிப்பேடு மட்டும் அம்மா வீட்டுப் பரணில் இருக்கலாம், கோடை விடுமுறையில் தேடிப் பார்க்கிறேன் என்றாள்.

தேடும்போது நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவின் குப்பியைக் காலியாக்கிக் கழுவி, மேலே ஒட்டியிருந்த சீட்டைக் கிழிக்காமல் மேசைமேல் வைத்திருக்கிறேன்.