டீன் சொல்லாத பதில்

2020 நவம்பர் 5, வியாழக்கிழமை. அமெரிக்கத் தேர்தல் முடிந்து இரண்டு நாளாகியும் வாக்கு எண்ணி முடியவில்லை. கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் மருமகன் நெவாடா மாநிலக் கணக்கைப் பார்த்தபடி இருக்க, மேல்மாடியில் பேத்தி போட்ட சத்தத்தில் நான் முழங்கால் வலியை மறந்து படியேறினேன். யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருவகையில் அதுதான் நடந்திருந்தது. 'சூப்பர்நேச்சுரல்' தொடரில் காஸ்டியல் என்ற தேவதூதன், டீன் என்ற மனிதனிடம் தன் அன்பைச் சொல்லிவிட்டு அழிந்துபோயிருந்தான்.

"அம்மம்மா, சொல்லிப்போட்டான்! பன்னிரண்டு வருசம்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. அந்தத் தேவதூதன் முதன்முதல் திரைக்கு வந்தபோது ஐந்து.

தொடர் எனக்குப் புதிதல்ல. கொவிட் வந்து பள்ளிக்கூடங்களை மூடிய காலத்தில் அவள் அதை முதலிலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்கினாள், துணைக்கு நான். சாம், டீன் என்ற இரண்டு சகோதரர்கள் 1967ஆம் ஆண்டுச் செவர்லே இம்பாலாவில் ஊர் ஊராகப் போய்ப் பேய், பிசாசு, இரத்தக் காட்டேரிகளைக் கொல்வதுதான் கதை. எரிக் கிரிப்கி உருவாக்க, 2005 செப்ரெம்பரில் தொடங்கியது. பதினைந்து பருவம், 327 அத்தியாயம். அதில் பாதிக்கு நான் நித்திரை. ஆனால் 2008இல் வந்த நாலாம் பருவத்தின் முதல் அத்தியாயத்தை முழுதாகப் பார்த்தேன். செத்து நரகத்துக்குப் போன டீனைக் காஸ்டியல் தூக்கி வருகிறான். பிடித்துத் தூக்கிய தோளில் ஐந்து விரலும் வெந்து சிவந்த தடம். மிஷா கொலின்ஸ் என்ற நடிகரைச் சில அத்தியாயத்துக்கென்றுதான் கூப்பிட்டார்களாம். அவர் போகவேயில்லை.

"நான் ரண்டு பேரையும் ஷிப் பண்ணிறன்" என்று பேத்தி சொன்னபோது எனக்குக் காங்கேசன்துறைக்குச் சீமெந்து ஏற்ற வந்த கப்பல்தான் நினைவுக்கு வந்தது. ரிலேஷன்ஷிப் என்ற சொல்லின் வால்தான் அந்த ஷிப் என்று விளக்கினாள். 1990களில் 'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரின் மல்டரும் ஸ்கலியும் சேரவேண்டும் என்று ஆசைப்பட்ட ரசிகர்களிடையே பிறந்த சொல். அதற்கும் முன்னர், 1970களிலேயே, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேர்க்கையும் ஸ்பொக்கையும் காதலராக வைத்துக் கதை எழுதித் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். நாங்கள் பரீட்சைத்தாள் உருட்டிய ரோனியோ போன்ற இயந்திரத்தில் அவர்கள் காதலை உருட்டியிருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

காஸ்டியல், டீன் விஷயத்தில் ரசிகர்கள் இரண்டு கட்சி. இது அண்ணன் தம்பி கதை, இரண்டு ஆண்கள் உயிருக்கு உயிராக இருந்தால் உடனே காதலா, நட்பென்று ஒன்று உலகத்தில் இல்லையா என்பது ஒரு கட்சி. பார்வையாலும் பெருமூச்சாலும் பன்னிரண்டு வருடம் ஆசை காட்டினீர்கள், பால்புதுமையினரைத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்திவைக்கவும் வேண்டும், மற்றவர்களின் கோபத்துக்கு ஆளாகவும் கூடாது, அதனால் தூண்டிலைப் போட்டுவிட்டு இரையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தீர்கள் என்பது மற்றக் கட்சி. தயாரிப்பாளர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. 2014இல் வந்த இருநூறாவது அத்தியாயத்தில், பள்ளி மாணவிகள் இந்தச் சகோதரர்களின் கதையை இசைநாடகமாகப் போடுவார்கள். டீனும் காஸ்டியலும் நெருங்கி நிற்பதைப் பார்த்து உண்மையான டீனே திகைப்பான். ரசிகர்களின் ஆசையைப் பகிடியாக மேடையேற்றத் தெரிந்திருந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்னும் ஆறு வருடம் பிடித்தது. இரண்டு கட்சியிலும் சிலர் நடிகர்களையும் எழுத்தாளர்களையும் கண்டபடி ஏசியது எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் பேத்திக்கும் சொன்னேன்.

நான் அப்போது முதற்கட்சி. யாழ்ப்பாணத்தில் இருபத்தாறு வருடம் தமிழ் படிப்பித்தவள். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுவரை அவனை நேரில் காணாத பிசிராந்தையார் தேடிவந்து கூட இருந்து உயிர்விட்டதை எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன்! நட்பை நட்பாக இருக்க விடுங்கோ என்றேன். பேத்தி கேட்டாள்:

"காஸ் ஒரு பொம்பிளையா இருந்திருந்தா, எத்தினையாம் எபிசோட்டிலை நீங்கள் இது காதல் எண்டு சொல்லியிருப்பியள்?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "ரண்டாவதிலை" என்றேன்.

உள்ளுறை, இறைச்சி என்று, பாட்டுக்குள் ஒளிந்த பொருளைத் தோண்டிப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்கியவள் நான். என் வீட்டுப் பிள்ளை அதையே செய்தபோது இல்லாததை இருக்கிறதென்கிறாய் என்றேன். அமெரிக்கப் படங்களில் 1934 முதல் 1961 வரை ஹேஸ் விதி என்ற கட்டுப்பாடு தன்பாலீர்ப்பைக் காட்டவிடவில்லை. ஆகவே கதை எழுதுகிறவர்கள் மறைத்துவைத்தார்கள், பார்க்கிறவர்கள் தேடிக் கண்டார்கள். பேய்க்கதை நல்ல ஒளிவிடம். டிராகுலாவுக்கு இருபத்தைந்து வருடம் முன்னமே, 1872இல், 'கார்மிலா'வில் ஒரு பெண் காட்டேரி இன்னொரு பெண்ணிடம் மயங்குகிறாள். ஆர் கேட்டாலும் காட்டேரியின் குணம் என்று சொல்லித் தப்பிவிடலாம்.

பிறகு வெளிச்சத்தில் காட்டத் தொடங்கினார்கள், காட்டிவிட்டுக் கொன்றார்கள். 2002 மே மாதம் 'பஃபி' தொடரில் டாரா. 2016 மார்ச்சில் 'த 100' தொடரில் லெக்ஸா. இரண்டு பெண்களும் வேறு யாருக்கோ குறிவைத்த துப்பாக்கிக் குண்டில், அதுவும் காதலியோடு மகிழ்ந்திருந்த கையோடு செத்தார்கள். லெக்ஸாவுக்காக அழுத ரசிகர்கள், தற்கொலை எண்ணத்தோடு தவிக்கும் பால்புதுமை இளையவர்களுக்கு உதவும் ட்ரெவர் ப்ரொஜெக்ட் அமைப்புக்கு ஒரு லட்சம் டொலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்கள். 'சூப்பர்நேச்சுரல்' தொடரிலேயே சார்லி என்ற கெட்டிக்காரப் பெண் இருந்தாள், பெண்களை விரும்புகிறவள். 2015இல் அவளையும் கொன்று குளியல் தொட்டியில் கிடத்தினார்கள். செத்தவீட்டில் எங்கள் கிழவிகள் உறவு சொல்லி அழுவதுபோலப் பேத்தி இவர்களை வரிசையாகச் சொல்லுவாள்.

எனக்கு வேறொன்று உறுத்தியது. தொடரைப் படம்பிடித்தது இங்கே வன்கூவரில். கனடா முழுவதும் ஒருபாலார் திருமணம் சட்டமானது 2005 யூலை. தொடர் தொடங்கியது அதே வருடம் செப்ரெம்பர். படப்பிடிப்புக்கு வெளியே இரண்டு ஆண்கள் கைகோத்துப் போய்ப் பதிவுத்திருமணம் செய்யலாம். உள்ளே ஒருவன் இன்னொருவனிடம் ஒரு வசனம் பேசப் பதினைந்து வருடம்.

அந்த வசனத்தைத்தான் அன்றிரவு பேத்தி எனக்குத் திரும்பப் போட்டுக் காட்டினாள். உண்மையான மகிழ்ச்சி எப்போது வருகிறதோ அப்போது உன்னைச் சூனியம் என்ற வெற்றுலகம் கொண்டுபோகும் என்பது காஸ்டியல் முன்னர் செய்துகொண்ட ஒப்பந்தம். மரணம் கதவை இடிக்கிறது. டீனைக் காக்க வேறு வழியில்லை. தான் விரும்பியது தனக்குக் கிடைக்காது, ஆனால் அதைச் சொல்லிவிடுவதிலேயே மகிழ்ச்சி இருக்கிறது என்று கண்டுகொண்டவன், கண்ணீரும் சிரிப்புமாகச் சொல்லுகிறான். இரத்தக் கையால் டீனின் தோளைத் தொட்டுத் தள்ளிவிடுகிறான். கறுப்புக் கூழ் போல ஒன்று வந்து அவனை விழுங்குகிறது. டீன் சுவரில் சாய்ந்து தரையில் இருக்கிறான், சட்டையில் அந்தக் கைத்தடம். தம்பியின் அழைப்பில் கைத்தொலைபேசி அடிக்கிறது, எடுக்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொள்ளுகிறான்.

"அவன் ஏன் ஒண்டும் சொல்லேல்லை, அம்மம்மா?"

நான் பதில் சொல்லாமல் கீழே இறங்கிவந்தேன். எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

1982. உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி, இரவல் புத்தகம் தரும் சாட்டில் பின்னேரம் வீட்டுக்கு வந்தாள். வகுப்பில் அவளோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவளுக்கு லண்டன் மாப்பிள்ளை சரிவந்திருந்தது. குசினி நிலையில் சாய்ந்து நின்று, பின்னலின் நுனி றிபனை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "ரீச்சர், அவள் போனா நான் எப்பிடி இருக்கிறது?" சிநேகிதி போனால் கவலைதான் என்றேன். "சிநேகிதி எண்டில்லை, ரீச்சர்" என்றாள்.

நான் திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். கையை நிறுத்தவில்லை. அந்தப் பாதி முடிந்து, சிரட்டையை ஒருமுறை சுரண்டியும் பார்த்துவிட்டு, "சோதினை கிட்ட வருது, படிக்கிற வேலையைப் பார்" என்றேன். அவள் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சோதினை எழுதினாள், நன்றாகவே சித்தியடைந்தாள். வழியில் கண்டால் மரியாதையாக ஒதுங்கி நிற்பாள். அதற்குப்பிறகு என்னிடம் ஒரு புத்தகமும் இரவல் கேட்கவில்லை. அவள் சொன்னது விளங்கவில்லை என்று நாற்பது வருடமாக எனக்கே சொல்லிவந்தேன். உள்ளுறை படிப்பித்தவளுக்கு விளங்காமல் என்ன!

மூன்று கிழமை கழித்துப் பேத்தி துள்ளிக்கொண்டு வந்தாள். அதற்குள் தொடர் முடிந்திருந்தது. காட்டேரிகளோடு சண்டையிட்டு, கம்பி குத்தி டீன் செத்துப்போனான். இப்போது இலத்தீன் அமெரிக்காவில் ஸ்பானிய மொழியில் குரல்மாற்றி ஒளிபரப்பியதில், காஸ்டியல் சொன்னதற்கு டீன் பதில் சொல்லுகிறான். நானும் உன்னை என்ற பொருளில் நாலு சின்னச் சொல். ஆங்கில மூலத்தில் அது இல்லை. எது உண்மை என்று பழைய இரண்டு கட்சியும் மறுபடி மோதிக்கொண்டன. எனக்கு அந்த வழக்கில் அக்கறையில்லை. இன்னொருக்கால் போடு என்றேன். பிறகும் ஒருக்கால்.

"உங்களுக்கு ஸ்பானிஷ் விளங்குமோ?" என்று சிரித்தாள்.

இதையெல்லாம் அவள் தனக்காக வாதாடுகிறாளா, சிநேகிதர்களுக்காகவா, அந்தக் கற்பனை ஆட்களுக்காகவா என்று நான் கேட்டதில்லை. சில நாட்களில் குசினி வாசலில் வந்து நிலையில் சாய்ந்து நிற்பாள். இங்கே தேங்காய்ப்பூ உறையவைத்த பொட்டலத்தில் வருகிறது. திருவலையை ஊரோடு விட்டுவிட்டு வந்தேன். அடுப்பைக் குறைத்து, கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டு இருக்கிறேன். பெரும்பாலும் "பசிக்குது, அம்மம்மா" என்றுதான் சொல்லுகிறாள்.