கப்பல் நேரமும் தீவு நேரமும்

ஜனவரியில் ஹூஸ்டனில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து ஒரு வார க்ரூஸ் போகலாம் என்று முடிவாயிற்று. ரோஆட்டான், பெலீஸ், கோசுமெல் என்று மூன்று இடங்களில் கப்பல் நிற்கும். அண்ணனுக்குச் சாப்பாட்டுக்கூடம், அண்ணிக்கு மேல்தளத்துச் சாய்வு நாற்காலி, பிள்ளைகளுக்குச் சறுக்குக் குழாய். எனக்குக் கண்ணெல்லாம் அந்த மூன்று பெயர்களின் மேல்தான். மூன்றுமே மெசோஅமெரிக்கப் பவளத்திட்டின் ஊர்கள். யுகடான் முனையிலிருந்து ஹோண்டுராஸ் தீவுகள்வரை ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் நீளும் திட்டு அது. ஆஸ்திரேலியாவில் இருப்பதற்கு அடுத்தபடி பெரியது. புதுச்சேரியில் ஸ்கூபா பழகி, கலங்கிய வங்காள விரிகுடாவிலேயே மகிழ்ந்துகொண்டிருந்த ஒருவனை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கச் சொல்ல முடியுமா?

கப்பலிலேயே டைவ் ஏற்பாடு செய்து தருவார்கள். எக்ஸ்கர்ஷன் மேசையில் பெயர் கொடுத்தால் போதும், பணம் அறைக் கணக்கில் சேர்ந்துவிடும். விலை வெளியில் இருப்பதைவிடக் கூடுதல். ஆனால் என் மனத்தாங்கல் விலையில் இல்லை. கப்பல் கூட்டிப்போகும் படகில் கூட்டம் இருக்கும். நூறு முறை முக்குளித்தவரும், போன மாதம் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே குழுவில் இறங்குவார்கள். யாருடைய சிலிண்டர் முதலில் காலியாகிறதோ அவரோடு எல்லோரும் மேலே ஏறவேண்டியதுதான். கரையில் இருக்கும் சிறு டைவ் கடைகளில் ஆறு, எட்டுப் பேர் ஏறும் வேகப்படகு; நான்கு பேருக்கு டைவ்மாஸ்டர் என்னும் வழிகாட்டி ஒருவர். இதற்காகத்தான் தனியாகப் பதிவு செய்யலாம் என்றேன்.

"தம்பி, கப்பல் கிளம்பிப் போயிட்டா நீந்தியா வருவீங்க?" என்றார் அண்ணி.

சிரித்தோம். ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது. கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாமல் போனால் அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் செலவிலேயே கொண்டுசேர்ப்பார்கள். தனியாகப் போனவருக்கு இந்தச் சலுகை கிடையாது. கடைசி ஏறும் நேரம் என்று ஒன்று சொல்வார்கள், பெரும்பாலும் புறப்பாட்டுக்கு அரை மணி முன்பு. அதற்குள் வராவிட்டால் நங்கூரத்தைத் தூக்கிவிடுவார்கள். தளத்தில் நிற்கும் கூட்டம், துறைப் பாலத்தில் மூச்சிரைக்க ஓடி வருகிறவர்களைப் பார்த்துக் கைதட்டும். க்ரூஸ் கப்பலில் இலவசமாகக் கிடைக்கும் பொழுதுபோக்குகளில் இது ஒன்று, கொஞ்சம் கொடூரமானதும்கூட.

கப்பலைத் தவறவிட்டவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் அல்ல. பலரை ஏமாற்றுவது கடிகாரம். கப்பலுக்கென்று ஒரு நேரம் உண்டு. கேப்டன் அறிவிப்பதுதான் அந்த நேரம். கால்வெஸ்டனில் குளிர்காலத்தில் ஏறினால் அது அமெரிக்க மத்திய நேரம். பெலீஸிலும் ஹோண்டுராஸிலும் அதே நேரம்தான். ஆகவே முதல் இரண்டு ஊர்களில் பிரச்சினையே தெரியாது. கோசுமெல் இருக்கும் மெக்சிகோவின் கின்டானா ரூ மாநிலமோ 2015 பிப்ரவரியிலிருந்து ஆண்டு முழுவதும் கிழக்கு நேரத்தை வைத்துக்கொண்டது, அதாவது கப்பலுக்கு ஒரு மணி முன்னால். கப்பலில் காலை எட்டு என்றால் தீவில் ஒன்பது. எட்டரைக்குக் கிளம்பும் டைவ் படகு போய் அரை மணி ஆகியிருக்கும். கோடையில் ஃப்ளோரிடாவிலிருந்து வரும் கப்பலுக்குக் கணக்குத் தலைகீழ்: தீவு ஒரு மணி பின்தங்கியிருக்கும். அங்கேதான் ஆபத்து அதிகம். தீவுக் கடிகாரம் மூன்று காட்டும்போது கப்பலில் நான்கு ஆகியிருக்கும். சில கேப்டன்கள் நடுவழியில் கடிகாரத்தை மாற்றச் சொல்வார்கள், சிலர் சொல்லமாட்டார்கள். கைப்பேசியோ கரையின் சிக்னல் கிடைத்தவுடன் நம்மைக் கேட்காமலே நேரத்தை மாற்றிக்கொள்ளும். அண்ணனிடமிருந்து ஒரு பழைய டைட்டன் கைக்கடிகாரத்தை வாங்கிக் கப்பல் நேரத்தை வைத்துக் கட்டிக்கொண்டேன். டைவ் கம்ப்யூட்டரில் தீவு நேரம்.

கோசுமெல் டைவ் கடைகளுக்கு எழுதிய மின்னஞ்சலில் கப்பலின் பெயர், தேதி, நிற்கும் நேரம், என் சான்றிதழ் நிலை, கடைசியாக முக்குளித்த மாதம் ஆகியவற்றைச் சொல்லிச் சில கேள்விகளும் கேட்டேன். கப்பல் துறைக்கு வராவிட்டால் முன்பணம் திரும்புமா? படகு எத்தனை மணிக்குக் கரைக்குத் திரும்பும்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? குளிர்காலத்தில் வடக்கிலிருந்து 'நோர்ட்டே' என்று ஒரு காற்று அடிக்கும். அது வலுத்தால் கோசுமெல் துறைமுக அதிகாரி சிறு படகுகள் கடலுக்குப் போவதைத் தடை செய்துவிடுவார். பெரிய கப்பலே துறையில் கட்டாமல் போவதும் உண்டு. அதனால்தான் முன்பணக் கேள்வி. ஒரு கடை விலைப்பட்டியலை மட்டும் அனுப்பியது. இன்னொன்று, "உங்கள் கப்பல் எங்கள் நேரப்படி ஒன்பதுக்குக் கட்டுகிறது, காலைப் படகு உங்களுக்கு ஆகாது, பத்தரைக்கு ஒரு படகு விடுகிறோம், இரண்டரைக்குள் கரையில் இருப்பீர்கள், கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திரும்பும்" என்று எழுதியது. நான் கேட்காமலே நேர வித்தியாசத்தைச் சொன்னவர்களிடம்தான் பணத்தைக் கட்டினேன். கூடவே மருத்துவக் கேள்வித்தாளையும் அனுப்பியிருந்தார்கள். அதில் ஆஸ்துமா, இதயம், ரத்த அழுத்தம் என்று ஒன்றுக்கு 'ஆம்' போட்டால்கூட மருத்துவர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்கமாட்டார்கள். கையெழுத்தை ஊரிலேயே வாங்கிவிடுவது நல்லது. தீவில் இறங்கியபின் மருத்துவரைத் தேட நேரம் இருக்காது.

ரோஆட்டான் சுலபமாக முடிந்தது. கப்பல் துறையிலேயே கட்டும். டாக்சி பிடித்து மேற்கு முனைக்குப் போனால் வரிசையாக டைவ் கடைகள். திட்டு கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பெலீஸில் நான் டைவ் செய்யவில்லை, செய்யச் சொல்லி யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன். அங்கே கடல் ஆழமில்லாததால் கப்பல் பல மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். டெண்டர் என்னும் சிறு படகுகளில்தான் கரைக்கு வரவேண்டும். கப்பலின் சுற்றுலாவில் பெயர் கொடுத்தவர்களை முதலில் ஏற்றுவார்கள், நாம் சீட்டை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பெலீஸ் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது, 1971-இல் ழாக் கூஸ்தோ தன் கலிப்ஸோ கப்பலோடு போய்ப் பிரபலப்படுத்திய நீலக்குழி. 300 மீட்டருக்கு மேல் அகலம், 120 மீட்டருக்கு மேல் ஆழம். ஆனால் அது பெலீஸ் நகரத்திலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கடலுக்குள் இருக்கிறது. விடியலில் கிளம்பி மாலையில் திரும்பும் பயணம். க்ரூஸ் பயணிக்கு எட்டாக்கனி. அண்ணன் குடும்பத்தோடு கப்பல் ஏற்பாட்டிலேயே குகை ஆற்றில் டயர் மிதவையில் போனேன். நன்றாகத்தான் இருந்தது.

கோசுமெலில் இறங்கும்போது பாஸ்போர்ட்டை நீர்புகாப் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோ விசா தேவையில்லை. திரும்பவும் அமெரிக்காவுக்குள் நுழைய அந்த விசா மல்டிபிள் என்ட்ரியாக இருக்கவேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். படகுத்துறை டாக்சியில் சில நிமிடங்கள்தான். கடையில் பூங்காக் கட்டணத்துக்கு ஒரு கைப்பட்டை கட்டினார்கள். 1996-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கடல் அது. கையுறை கூடாது, கத்தி கூடாது. கையில் உறை இருந்தால் எதையாவது பிடிக்கத் தோன்றும் என்பதுதான் காரணம்.

முதல் இறக்கம் பலாங்கார். இங்கே நீந்தவே வேண்டாம். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். படகு நங்கூரமிடாமல் மேலே நம் குமிழிகளைப் பின்தொடர்ந்து வரும். இருபது மீட்டர் ஆழத்தில், மாடி வீட்டு உயரத்துக்கு எழும்பி நிற்கும் பவளத் தூண்களுக்கு இடையே சந்துகள். ஒரு சந்தில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தால் காலுக்குக் கீழே தரையே இல்லை, நீலம் மட்டும். தெளிவு முப்பது மீட்டர் இருக்கும். புதுச்சேரியில் கூடவருபவரின் துடுப்பு மறைந்துவிடக் கூடாதே என்று ஒட்டிக்கொண்டே போய்ப் பழகிய எனக்கு, குழு முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க முடிந்ததே பெரிய விஷயம். டைவ்மாஸ்டர் அடிக்கடி திரும்பி, இரு விரலால் உள்ளங்கையைத் தட்டி, எவ்வளவு காற்று என்று கேட்பார். 200 பாரில் தொடங்கியது 70-க்கு வந்ததும் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று ஏறினோம். எனக்கு முன்னால் காற்று தீர்ந்தவரை மட்டும் தனியாகப் படகுக்கு அனுப்பிவிட்டு எங்களை விட்டுவைத்திருந்தார். பெரிய குழுவில் இது நடக்காது.

இரண்டாவது இறக்கம் கப்பல் துறைக்கு அருகிலேயே உள்ள பாரடைஸ் திட்டு. நேரம் குறைந்த க்ரூஸ் பயணிகளுக்கு வசதியான இடம், ஆழமும் குறைவு. ஒரு பவள விளிம்பின் அடியில் விளக்கை அடித்து டைவ்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இருட்டுக்குள் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட தட்டையான தலை, தாடையில் தாடிபோலத் தொங்கும் சதை இழைகள், அசைந்தபோது துடுப்பின் ஓரத்தில் பளிச்சென்று மஞ்சள். தீவின் அடையாளமான தேரை மீன், சானோபஸ் ஸ்ப்ளென்டிடஸ். அகலமான வாயோடு, வீட்டு வாசலில் உட்கார்ந்து வருவோர் போவோரை எடைபோடும் கிழவர்போல அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரமெல்லாம் காதில் ஒரு தாழ்ந்த உறுமல். துறையில் நிற்கும் கப்பல்களின் எந்திரச் சத்தம் அது. அவற்றில் ஒன்று நான் வந்தது.

இந்தத் திட்டுக்கும் கப்பல்களுக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் இங்கே புதிய க்ரூஸ் துறை கட்டத் தொடங்கியபோது, பவளத்தைக் கெடுக்கும் என்று மெக்சிகோவின் சுற்றுச்சூழல் அமைப்புகள் வட அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஒத்துழைப்பு ஆணையத்திடம் 1996-இல் முறையிட்டன. ஆணையம் 1997-இல் விசாரணை ஆவணம் வெளியிட்டது, அந்த ஆணையத்தின் முதல் விசாரணை ஆவணம் அதுதான். துறையும் கட்டி முடிக்கப்பட்டது. 2019-இல் பவளங்களைக் கொல்லும் திசு நோய் பரவியபோது தெற்குப் பக்கத் திட்டுகளைச் சில மாதம் மூடியே வைத்தார்கள். படகோட்டியிடம் கப்பல்களைப் பற்றிக் கேட்டேன். தோளைக் குலுக்கினார். அவருக்குச் சோறு போடுவதும் கப்பல்தான், கடலைக் கலக்குவதும் கப்பல்தான்.

தீவு நேரம் இரண்டரைக்குக் கரையேறினோம். கப்பலில் அப்போது ஒன்றரை. கடைசி ஏறும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் மிச்சம். டைவ்மாஸ்டருக்கும் படகோட்டிக்கும் டிப்ஸ் கொடுத்துவிட்டு, ஊருக்குள் போய் மீன் டாக்கோ சாப்பிட்டுவிட்டு நிதானமாகத்தான் திரும்பினேன். அன்று இரவு வெந்நீர்த் தொட்டிக்கு வா என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள். முக்குளித்த உடலை உடனே சூடாக்குவது நல்லதல்ல என்று மறுத்துவிட்டேன். கப்பலில் மருத்துவர் இருக்கிறார், முக்குளிப்பவர்களுக்கு வரும் அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இல்லை. சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா பெரும்பாலும் சேராது என்பதால் முக்குளிப்பவர்களுக்கான தனிக் காப்பீட்டைப் போகும் முன்பே எடுத்திருந்தேன்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். பயணத் திட்டத்தை வாங்கும்போதே கடைசித் துறைமுகத்துக்கும் விமானத்துக்கும் இடையே ஒரு முழுக் கடல்நாள் இருக்கிறதா என்று பாருங்கள்; அடுத்தடுத்து முக்குளித்தால் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. துறையில் நேராகக் கட்டும் ஊர், ஏழெட்டு மணி நேரம் நிற்கும் கப்பல் என்றால் தயங்காமல் நீங்களே பதிவு செய்யுங்கள். டெண்டர் படகில் இறங்கும் ஊர் என்றால், விலை கூடினாலும் கப்பலின் ஏற்பாட்டிலேயே போங்கள். கப்பல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாக நின்றால் இரண்டு சிலிண்டர் ஆசையை விட்டுவிட்டுக் கரையோரம் ஸ்நார்க்கல் செய்யுங்கள்.