ஒட்டாத படம்

நம் கண் ஒரே பார்வையில் பார்த்துவிடும் ஏரிக்கரையைக் கேமரா ஒரே படத்தில் பிடிக்காது. அதற்குத்தான் பனோரமா. துண்டு துண்டாகப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் சேர்க்க வேண்டும். துணி தைப்பது போல இதையும் "ஸ்டிட்ச்" செய்வது என்றே சொல்கிறார்கள். ரிடையர் ஆன பிறகு நான் கற்றுக்கொண்ட வேலை இது.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கேமராவை நெட்டுவாக்கில் பிடியுங்கள். முதல் படத்தின் மூன்றில் ஒரு பங்காவது அடுத்த படத்திலும் வரட்டும். வெளிச்ச அளவை மாற்றாதீர்கள். மாறினால் வானம் பட்டை பட்டையாகத் தெரியும். நின்ற இடத்தை விட்டு நகரவும் கூடாது. ஒரகடம் சாலையில் எடுப்பதானால் வண்டி இல்லாத நேரமாகப் பாருங்கள். இல்லாவிட்டால் கன்டெய்னர் லாரிக்குத் தலை இருக்கும், உடம்பு இருக்காது!

போட்டோஷாப்பில் "ஃபோட்டோமெர்ஜ்" இதைச் செய்யும். காசு செலவழிக்க விருப்பம் இல்லையென்றால் "ஹக்கின்" இலவசம். இரண்டு படத்திலும் பொதுவாக உள்ள புள்ளிகளை, ஒரு சுவர் மூலை, ஒரு பாறை விளிம்பு என்று மென்பொருளே தேடிப் பிடித்துப் பொருத்துகிறது. கனடாவில் மேத்யூ பிரவுன், டேவிட் லோவ் என்ற இருவர் 2003-ல் இதை மனிதர் உதவியின்றிச் செய்யும் வழியை வெளியிட்டார்கள்.

என்னிடம் 1995-ல் ஃபிலிம் கேமராவில் எடுத்த நான்கு பிரிண்ட்கள் இருந்தன. எங்கள் ஊர் ஏரிக்கரை மேல் நின்று, கீழே இருந்த எங்கள் நிலத்தை இடமிருந்து வலமாக எடுத்தவை. ஸ்கேன் செய்து கொடுத்தேன். அழகாகச் சேர்ந்துவிட்டன. ஒரு வேடிக்கை, வரப்பில் நடந்துகொண்டிருந்த அப்பா இரண்டு இடத்தில் வந்திருந்தார். நான் அடுத்த படம் எடுப்பதற்குள் பத்தடி நடந்திருக்கிறார். ஒருவரை அழிப்பது எளிது. மனம் வரவில்லை. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. இரண்டு பேராகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு ஆசை. அதே கரையில் நின்று இப்போதைய காட்சியை எடுத்துப் பழையதன் மேல் பொருத்திப் பார்த்தால் என்ன? இரண்டையும் கொடுத்தேன். பொருத்த முடியவில்லை என்று மென்பொருள் கைவிரித்துவிட்டது. பொதுவான புள்ளிகள் போதவில்லையாம். 

எப்படி இருக்கும்? 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ கார் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. நடுவில் எங்கள் நிலமும் தொழிற்பேட்டைக்குப் போனது. வேர்க்கடலை போட்ட இடத்தில் தகரக்கூரை ஷெட். குறை சொல்ல வரவில்லை. பணம் வந்தது, அண்ணன் மகனுக்கு அங்கேயே வேலையும் கிடைத்தது. ஆனாலும் ஒரே ஊரின் இரண்டு படங்களை ஒரே ஊர் என்று அடையாளம் காண முடியவில்லை என்றபோது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் நானே கையால் புள்ளி வைத்தேன். மதகின் இரண்டு கல்தூண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு ஓரளவு பொருத்தினேன். ஷெட்டின் கேட் இருக்கும் இடத்தில்தான் அப்பா நடந்திருக்கிறார். இது எனக்கு அதுவரை தெரியாது.

உங்கள் வீட்டு ஆல்பத்திலும் இப்படிப் படங்கள் இருக்கும். நிறம் மங்குவதற்குள் ஸ்கேன் செய்யுங்கள். எந்த இடம், எந்த வருஷம் என்று பின்னால் பென்சிலால் எழுதி வையுங்கள். மதகு எது, வரப்பு எது என்று சொல்ல நம் வயதுக்காரர்களைத் தவிர வேறு யாரும் இல்லை.