ஐயமும் அபாய ஒலியும்

பூட்டுக்குப் பெயர்பெற்ற மாவட்டம் நம்முடையது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிறு பட்டறைகளில் கையால் அராவிப் பொருத்தப்படும் மாங்காய்ப் பூட்டைப் பழைய வீடுகளில் இன்றும் காணலாம். திருடன் கை வைத்தால் அது கூக்குரல் இடுவதில்லை. திறக்க மறுக்கிறது, அவ்வளவே. இத்தகைய மண்ணில் வாழும் நாம், ஐம்பதைக் கடந்த வயதில், ஓயாது கூவும் காவலன் ஒருவனிடம் அகப்பட்டுக் கொண்டோம். அவனால் நமக்கு நேர்ந்த தொல்லை சிறிது. அவன் கூவலை நம்பி நாம் பிறருக்கு இழைத்த தீங்கோ பெரிது. அதனை மறைப்பதைவிடச் சொல்லிவிடுவதே வாசகர்களுக்குப் பயன் தரும் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

நம் வீட்டாருக்கு முழங்கால் வலி முற்றி, மதுரைக்கு மருத்துவத்திற்காகப் பஸ்ஸில் ஏறி இறங்குவது இயலாமற் போயிற்று. மருமகனிடம் காரோட்டப் பழகி, உரிமமும் பெற்று, ஒருவர் பத்தாண்டுக்கு மேல் வைத்திருந்த சிறிய கார் ஒன்றை வாங்கினோம். 29, 30 எண்ணிட்ட படிவங்களில் கையெழுத்திட்டு, பதிவுச் சான்றையும் காப்பீட்டுத் தாளையும் சாவியையும் தந்தார் விற்றவர். சாவியோடு நான்கு பொத்தான்கள் கொண்ட சிறு கருவியொன்று தொங்கிற்று. "அது எதற்கு?" என்று வினவினோம். "அது வேலை செய்வதில்லை, சாவியாலேயே பூட்டிக் கொள்ளுங்கள்" என்றார். நாமும் அதற்குமேல் கேட்டோமில்லை.

இரண்டு வாரம் அமைதியாகக் கழிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை காரின் உட்புறத்தைத் துடைத்தோம். ஸ்டியரிங்குக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், துணியில் ஏதோ தட்டுப்பட்டது. பொருட்படுத்தவில்லை. அன்றிரவின் பிற்பகுதியில், மணி நான்கு ஆவதற்குள், தெருவே அதிரும்படி கார் அலறியது. சாவியை எடுத்துக் கொண்டு ஓடி, 'வேலை செய்யாத' அக்கருவியின் பொத்தான்களை மாறி மாறி அழுத்தினோம். ஏதோ ஒன்றில் அது அடங்கிற்று. மறுநாளும் அதே வேளை, அதே அலறல். மூன்றாம் நாளும் அவ்வாறே.

தஹஜ்ஜுத் தொழுவோருக்கு அது விழிப்பின் வேளை. ஏனையோருக்கு ஆழ்ந்த உறக்கத்தின் வேளை. எதிர்வீட்டில் அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பிய மூதாட்டி ஒருவர் படுத்திருந்தார். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலுக்கு மேல் ஓசை கூடாது என்று வரம்பிடுகின்றன. கார்களில் பொருத்தப்படும் சங்கொலிக் கருவிகளோ 100 டெசிபலையும் தாண்டுவன. அண்டை வீட்டார் நம் முகத்துக்காக வாய் திறவாதிருந்தனர். வாய் திறந்து ஏசியிருந்தால் மனம் சற்றே ஆறியிருக்கும்.

நிலக்கோட்டையின் விடியலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மல்லிகையும் முல்லையும் பிச்சியும் சுற்றுப்புறத் தோட்டங்களிலிருந்து நம் ஊர்ப் பூச்சந்தைக்கு வந்து சேர்கின்றன. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி விளையும் நிலப்பரப்பில் நம் மாவட்டமும் அடங்கும். மொட்டு மலர்வதற்கு முன் சந்தையை அடைய வேண்டுமாதலால், ஊர் உறங்கும்போதே பூக்காரரின் நாள் தொடங்கிவிடுகிறது. நம் தெருவின் பூ விவசாயி ஒருவர் வீட்டுக்கு, குட்டியானை என்று மக்கள் அழைக்கும் சிறு சரக்கு வண்டியோடு ஓர் இளைஞன் நாள்தோறும் வருவான். நம் காரை ஒட்டித்தான் நிறுத்துவான். மூன்று இரவும் நாம் சன்னல் வழியே நோக்கியபோது, காரின் அருகே நின்றவன் அவன் ஒருவனே.

நான்காம் நாள் அவன் மூட்டை ஏற்றிக் கொண்டிருந்தபோது வெளியே சென்றோம். "தம்பி, பிறர் வண்டியில் கை வைப்பது நல்ல பழக்கமன்று" என்றோம். விவசாயியும் அவர் மனைவியும் பார்த்துக் கொண்டிருந்தனர். "நான் தொடலைங்க ஐயா" என்றான் அவன். "தொடாமலா அது மூன்று நாளாய் உன்னைக் கண்டு கத்துகிறது?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தோம். வாதத்தில் வென்றுவிட்டதாக ஒரு நினைப்பும் நமக்கு இருந்தது.

மறுநாள் முதல் அவ்வண்டி நம் தெருவுக்கு வரவில்லை, காரும் கத்தவில்லை. நான்கு இரவுகள் நிறைவான உறக்கம். "பார்த்தீரா?" என்று வீட்டாரிடம் பெருமையாகக் கேட்டோம். அவர் விடை சொல்லவில்லை.

உஸூலுல் ஃபிக்ஹு பயின்றோர் 'தவரான்' என்பதை அறிவர். ஒன்று இருக்குமிடத்தில் மற்றொன்று இருந்து, அது நீங்குமிடத்தில் இதுவும் நீங்குமானால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று கொள்ளும் முறை அது. அம்முறை உறுதியான அறிவைத் தருமா, ஊகத்தை மட்டும் தருமா என்று அறிஞர்கள் நெடுக வாதிட்டுள்ளனர். அவ்வாதத்தை மாணவர்க்குப் பல ஆண்டு பாடம் சொன்னவர் நாம். இளைஞன் வந்தான், கார் கத்திற்று, வரவில்லை, அடங்கிற்று. நம் வீட்டு வாசலில் ஊகம் உறுதியின் உடையை அணிந்து வந்து நின்றபோது நம்மால் அடையாளம் காண இயலவில்லை.

ஐந்தாம் நாள் இரவு உண்மை விளங்கியது. தண்ணீர் லாரி ஒன்று தெருவில் நுழைந்தது. நாம் அப்போது விழித்து உளூச் செய்து கொண்டிருந்தோம். வாசல் சாக்கடையை மூடிய கற்பலகையின் மேல் லாரியின் சக்கரம் ஏறி இறங்கியது. உடனே கார் அலறிற்று. அருகில் ஒரு மனிதரும் இல்லை. நம் காரின் முன்சக்கரமும் அதே பலகையின் மறுமுனையில்தான் நின்றிருந்தது.

அன்று சுபுஹு தொழுகையில் மனம் நிலைகொள்ளவில்லை. தொழுதுவிட்டு நேரே பூச்சந்தைக்குச் சென்றோம். எடைத் தராசுகளுக்கும் ஈரச் சாக்குகளுக்கும் இடையே அவனைக் கண்டோம். தவறு நம்முடையது என்று கூறினோம். அவன், "விடுங்க ஐயா. என் வண்டிச் சத்தத்துக்குத்தான் கத்துதோன்னு நானும் நெனச்சேன். பாட்டி வேற முடியாம இருக்காங்க. அதான் அந்தப் பக்கமே வரலை" என்றான். நாம் திருடன்போல் நடத்தியவன், நாம் எண்ணிப் பாராத மூதாட்டியை எண்ணித் தெருவையே விட்டிருக்கிறான்! அவன் வராத நான்கு நாளும் அவ்விவசாயியும் மனைவியும் பூச்சாக்குகளை அடுத்த தெருவரை சுமந்திருக்கின்றனர் என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். நம் நான்கு நாள் உறக்கத்தின் விலை அது.

தெருவில் சாட்டிய குற்றத்துக்குச் சந்தையில் கேட்ட மன்னிப்பு போதாது. அவனைத் தெருவுக்கு அழைத்து, முன்பு பார்த்தவர் இருவரின் எதிரிலும் மீண்டும் அதனைச் சொன்னோம். பிறகு ஓர் உதவியும் கேட்டோம். கார் எலக்ட்ரீஷியன் ஒருவர் அன்று மாலை வருவதாயிருந்தார். பலகையின் மேல் ஏற்றி இறக்க ஒரு வண்டி வேண்டும். "வர்றேங்க ஐயா" என்றான்.

எலக்ட்ரீஷியன் பள்ளியிறுதி வகுப்பைக்கூட முடிக்காதவர். ஆயினும் அவர் வேலையைத் தொடங்கிய விதம் நம்மை வியப்பில் ஆழ்த்தியது. "யார் தொட்டது என்று பிறகு பார்ப்போம், இதற்கு எத்தனை காது இருக்கிறது என்று முதலில் எண்ணுவோம்" என்றார். காரை உருவாக்கிய தொழிற்சாலை வைத்ததன்று இவ்வமைப்பு; பின்னாளில் கடையில் பொருத்தியது. ஸ்டியரிங்குக்குக் கீழே கட்டுப்பாட்டுப் பெட்டி. முன்புறம் பானட்டுக்குள் சங்கொலிக் கருவி. பெட்டிக்குச் செய்தி சொல்லும் 'காதுகள்' பல. நான்கு கதவுகளிலும் டிக்கியிலும் பானட்டிலும் அவை திறக்கப்படுவதை அறிவிக்கும் சிறு சுவிட்சுகள். தட்டினால் உணரும் அதிர்வு சென்சார் ஒன்று. இவற்றோடு பேட்டரியின் வலுவையும் பார்க்க வேண்டும் என்றார்.

ஒவ்வொன்றாகக் கழித்தார். பேட்டரியை அளந்தார், இயந்திரம் ஓடாத நிலையில் 12.5 வோல்ட் இருந்தது. அது காரணமன்று. கதவு ஒவ்வொன்றையும் மூடி, வெளியிலிருந்து அசைத்து, கூரை விளக்கு மினுக்குகிறதா என்று நம்மை உள்ளே அமர்த்திப் பார்க்கச் சொன்னார். மினுக்கவில்லை, கதவுகள் நீங்கின. டிக்கியும் நீங்கியது. அதிர்வு சென்சாரில் உணர்திறனைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. அதைத் திருகுவதோடு நில்லாமல் சென்சாரின் இணைப்பையே கழற்றிவிட்டு, "வண்டியை ஏற்று தம்பி" என்றார். குட்டியானை பலகையில் ஏறிற்று, கார் அலறிற்று. ஆக, நாம் முதலில் ஐயுற்றிருக்கக் கூடிய சென்சாரும் குற்றமற்றது! எஞ்சியது பானட் சுவிட்சு. அதன் கம்பியைக் கழற்றினார். வண்டி மும்முறை ஏறி இறங்கியும் ஓசை இல்லை. கம்பியை மீண்டும் மாட்டினார். ஏறிய உடனே அலறல்.

பானட்டைத் திறந்து காட்டினார். மூடும்போது அதைத் தாங்க வேண்டிய ரப்பர் குமிழ்கள் தேய்ந்து போயிருந்தன, பானட் ஆடியது. மூடியிருக்கையில் அழுந்தியிருக்க வேண்டிய சுவிட்சின் தண்டு துருவேறிப் பாதி அழுத்தத்தில் நின்றது. பலகை அசைந்தால் கார் அசையும். கார் அசைந்தால் பானட் துள்ளும். துள்ளும் அந்நொடியில் சுவிட்சின் தண்டு எழுந்து, 'பானட் திறக்கப்பட்டது' என்று பெட்டிக்குச் செய்தி போகும். சுவிட்சும் ரப்பரும் மாற்ற நானூறு ரூபாய்கூட ஆகவில்லை.

அவர் செய்ததற்கு நம் நூல்களில் பெயர் உண்டு: 'அஸ்ஸப்ரு வத்தக்ஸீம்'. காரணமாக இருக்கக் கூடியவை அனைத்தையும் முதலில் வகுத்துக் கொள்வது. பின் ஒவ்வொன்றையும் சோதித்துப் பொருந்தாதவற்றை நீக்குவது. எஞ்சியதைக் காரணமாகக் கொள்வது. ஹிஜ்ரி 505-இல் (1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'அல்முஸ்தஸ்ஃபா' இம்முறையை ஆராய்கிறது. இதன் உயிர், பட்டியல் நிறைவாக இருப்பதில் உள்ளது. நம் பட்டியலில் இருந்ததோ ஒரே ஒரு பெயர். அதுவும் ஒரு பொருளின் பெயரன்று, மனிதனின் பெயர். அதிலும், எதிர்த்துப் பேச மாட்டான் என்று நமக்குத் தெரிந்த மனிதனின் பெயர்! வசதி படைத்த அண்டை வீட்டார் ஒருவர் காரருகே நின்றிருந்தால் அவ்வாறு பேசியிருப்போமா? இவ்வினாவுக்கு நம்மிடம் நல்ல விடை இல்லை.

வேலை முடியும் தறுவாயில் எலக்ட்ரீஷியன் ஸ்டியரிங்குக்குக் கீழே கைவிட்டு, மறைவாக இருந்த ஒரு சுவிட்சைக் காட்டினார். வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது அபாய ஒலியை உறங்க வைப்பதற்கென அமைந்தது அது. வெள்ளிக்கிழமை நம் துணியில் தட்டுப்பட்டது அதுவே. அது விழித்தபின், இயந்திரத்தை நிறுத்திக் கதவை மூடிய சிறிது நேரத்தில், சாவியால் பூட்டினாலும் காவல் தானே தொடங்கிவிடும். விற்றவரைத் தொலைபேசியில் கேட்டோம். "ஆமாம், சும்மா சும்மா கத்தும், அதனால்தான் அணைத்து வைத்திருந்தேன். ஓடுகிற வண்டிக்கு அதெல்லாம் ஒரு குறையா?" என்றார்.

விற்ற பொருளில் மறைந்திருந்த குறை வெளிப்பட்டால், வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம் என்ற உரிமையை ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐபு' என்று பேசுகின்றன. நாம் காரைத் திருப்பவில்லை. ஆனால் அவர் மறைத்தது நானூறு ரூபாய்க் குறையைத்தானா என்று எண்ணிப் பார்த்தோம். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால், ஓர் இளைஞன் தெருவில் தலைகுனிந்திருக்க மாட்டான். அவர் சொல்லாதது அவர் பிழை. அதைக் கொண்டு நாம் சொன்னது நம் பிழை. ஒன்று மற்றொன்றை மன்னிக்காது.

கூவும் காவலைப் பற்றி உலகமும் இரண்டாம் சிந்தனை செய்துள்ளது. நியூயார்க் நகரில் டிரான்ஸ்போர்ட்டேஷன் ஆல்டர்னேட்டிவ்ஸ் என்னும் அமைப்பு, ஒலியெழுப்பும் கார் அலாரங்களைத் தடை செய்யக் கோரி 2003-இல் அறிக்கையே வெளியிட்டது. ஓயாத பொய்க் கூவலுக்கு மக்கள் செவி கொடுப்பதில்லை என்பதே அங்கும் குறை. ஐரோப்பிய ஒன்றியமோ, 1998 முதல் புதிய கார்களுக்கு வேறொரு காவலைக் கட்டாயமாக்கியது. இம்மொபிலைசர் என்னும் அது, உரிய சாவியின் மின்குறியை அறிந்தாலன்றி இயந்திரத்தை ஓடவிடாது, ஓசையும் எழுப்பாது. நம் மாங்காய்ப் பூட்டின் குணம் அதற்கு உண்டு.

பழைய கார் வாங்கும் அன்பர்களுக்கு நம் அனுபவத்தால் சில சொல்வோம். அலாரம் தொழிற்சாலையில் வைத்ததா, பின்னர்ப் பொருத்தியதா என்று கேளுங்கள். மறைவுச் சுவிட்சு எங்கே என்று கேட்டுக் கையால் தொட்டுப் பாருங்கள். இயக்கிக் காட்டச் சொல்லி, அரைமணி நேரம் அருகில் நில்லுங்கள். 'வேலை செய்வதில்லை' என்ற சொல்லை மட்டும் ஏற்காதீர்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்தைத் தெரிவியுங்கள். நாளை நீங்கள் விற்கும்போது, அறிந்த குறையை நீங்களே முந்திச் சொல்லுங்கள்.

இவை காரைப் பற்றியவை. ஐயத்தைப் பற்றிச் சொல்ல நமக்குத் தகுதி குறைவு. 'அல்ஹுஜுராத்' அத்தியாயம் விலக்கும் தீங்குகளுள் ஐயமும் ஒன்று என்று எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறோம். அவ்வாறு பேசிய நாவே அன்று தெருவில் அவ்வாறு கேட்டது.

இப்போது இளைஞனின் வண்டி பழைய இடத்தில்தான் நிற்கிறது. விடியலுக்கு முன் கற்பலகை 'தடக்' என்று ஒலிக்கும்; பூச்சாக்குகள் ஏறும்; மல்லிகை மணம் சன்னலுக்குள் வரும். கார் வாய் திறவாது. சில நாள் நாமும் இறங்கிச் சென்று ஒரு சாக்கைத் தூக்கிக் கொடுக்கிறோம். "வேணாங்க ஐயா" என்பான். ஆனாலும் வாங்கிக் கொள்வான்.

பிழையை உணரும் வாய்ப்பை அது ஆறும் முன்பே அளித்த இறைவனுக்கே புகழனைத்தும்!