ஆட்டக் குறிப்பேட்டில் பெயர் உண்டா?

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது முதல், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று விரிந்துகொண்டே போகும் தொழிற்பகுதிக்கு வேலை தேடி வரும் இளைஞர்களின் கூட்டம் பெருகியபடியே இருக்கிறது. சொந்த ஊரில் இன்னார் மகன், இன்ன தெருக்காரன், இன்ன பள்ளியில் படித்தவன் என்று அறியப்பட்டிருந்த ஒருவர் இங்கே வந்து சேர்ந்ததும், கழுத்தில் தொங்கும் அட்டையிலுள்ள எண்ணாகவும் ஷிப்டுக்கு ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்தின் ஓர் இருக்கையாகவும் சுருங்கிவிடுகிறார். அறையைப் பகிர்ந்துகொள்வோருக்குக்கூட அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கைப்பேசியில் அவர் வைத்திருக்கும் படமும் அதன்கீழ் எழுதியிருக்கும் இரண்டு வரிகளும்தான். அந்தப் படத்தில் நீல ஜெர்சியும் கையில் ஹாக்கி மட்டையும் இருந்து, அந்த வரிகளில் ‘இந்திய வீரர்’ என்றும் இருந்தால், அதை நம்புவதா ஐயுறுவதா என்ற கேள்வி, தோன்றும் அளவுக்குச் சிறியதன்று.

முதலில், அத்தகைய கூற்றைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது என்பதை ஏற்க வேண்டும். ஹாக்கியை ஊர் விளையாட்டாகவே வளர்த்த கோவில்பட்டியிலிருந்தும், இந்திய அணிக்கு திலீப் திர்க்கி முதலிய பலரைத் தந்த ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்திலிருந்தும் வரும் இளைஞர்கள் ஒரே விடுதியில் தங்கக்கூடிய இடம் இது. அரியலூரைச் சேர்ந்த, எளிய குடும்பத்தில் பிறந்த கார்த்தி செல்வம், 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில், இந்திய அணிக்காகத் தாம் ஆடிய முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராக கோல் அடித்தார். அந்த ஆட்டம் 1-1 எனச் சமனில் முடிந்தது. கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் அதே தொடரில் ஆடினார். இவற்றைப் பெயர் தெரியாத ஓர் இளைஞர் அறைத் தோழர்களிடம் சொல்லியிருந்தால், பத்தில் ஒன்பது பேர் வெறும் பீற்றல் என்றே முடிவு கட்டியிருப்பார்கள். ஏழ்மையிலிருந்து எழுந்து வந்தவரின் உண்மை பல வேளைகளில் பொய்யைவிட நம்பக் கடினமாக இருக்கிறது என்பதால், ஐயப்படுபவர் தம் ஐயம் கூற்றின் மீதா, கூறுபவரின் தோற்றத்தின் மீதா என்று தம்மையே கேட்டுக்கொள்வது கடமையாகும்.

மறுபக்கம், ஐயுறாததன் விலையும் பெரிது. 2023-இல் தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றைச் சேர்ந்த ஒருவர், மாற்றுத்திறனாளிகளுக்கான இந்தியக் கிரிக்கெட் அணியின் கேப்டன் தாம்தான் என்று சொல்லி, கையில் கோப்பையுடன் முதலமைச்சரையே சந்தித்துப் படம் எடுத்துக்கொண்டார்; அந்தக் கூற்று பொய் என்று புகார் எழுந்த பின்னரே காவல்துறை வழக்குப் பதிந்தது. அதற்கும் முன்பு, 2004-இல், இலங்கையின் தேசிய கைப்பந்து அணி என்ற பெயரில் ஜெர்மனிக்குச் சென்ற 23 பேர் அங்கே களமிறங்கித் தோற்ற பின் ஒட்டுமொத்தமாக மறைந்து போனார்கள். (இங்கே கைப்பந்து என்பது வாலிபாலைக் குறிக்கவில்லை, கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பாலைக் குறிக்கிறது.) அப்படியொரு தேசிய அணியே இலங்கையில் அப்போது இருக்கவில்லை என்பது அதன் பிறகுதான் வெளிப்பட்டது. இரண்டு நிகழ்வுகளிலும் கோப்பை, சீருடை, கடிதத்தாள் ஆகியவை சாட்சியாக ஏற்கப்பட்டன. எந்த ஆட்டம், எந்த நாள், எதிரணி எது, குறிப்பேடு எங்கே என்ற எளிய கேள்விகள் உரிய நேரத்தில் கேட்கப்படவில்லை.

ஹாக்கியைப் பொறுத்தவரை அந்தக் கேள்விகளுக்கு விடை காண்பது கடினமன்று. ஒருவர் நாட்டுக்காக ஆடும் ஒவ்வொரு பன்னாட்டு ஆட்டமும் ‘கேப்’ என்று கணக்கிடப்படுகிறது. சர்வதேச ஹாக்கிச் சம்மேளனம் நடத்தும் தொடர்களின் அணிப் பட்டியல், களமிறங்கியோர், கோல் அடித்தோர், அட்டை காட்டப்பட்டோர் ஆகிய விவரங்கள் எவரும் பார்க்கும்படி இணையத்தில் உள்ளன. பயிற்சி முகாமுக்கு அழைக்கப்படும் உத்தேச வீரர்களின் பெயர்களையும் ஹாக்கி இந்தியா அமைப்பு வெளிப்படையாக அறிவிக்கிறது. எனவே இந்தியாவுக்கு ஆடியதாகச் சொல்லும் ஒருவரின் கூற்றை அரை மணி நேரத்தில் சரிபார்த்துவிடலாம். ஜெர்சியோ எதையும் நிறுவுவதில்லை. சென்னை பெரியமேட்டுக் கடைகளில் எந்த நிறத்திலும் எந்த எண்ணோடும் அது கிடைக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மாவட்ட அணிக்கு ஆடியவர், மாநில அணிக்கு ஆடியவர், மாநில அணியோடு தேசியச் சாம்பியன்ஷிப்புக்குச் சென்றவர், முகாமுக்கு அழைக்கப்பட்டவர், இறுதியாக இந்திய அணியில் இடம் பெற்றவர் என்று படிகள் பல உள்ளன. மூன்றாம் படியில் நிற்பவரை ஊரார் ‘நேஷனல் பிளேயர்’ என்றே அழைக்கிறார்கள், அவரும் அவ்வாறே எழுதிக்கொள்கிறார். அது முழுப் பொய்யன்று. கேட்பவர் இந்திய அணி என்று எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும்போதுதான் அது ஏமாற்றின் எல்லையைத் தொடுகிறது. இணையப் பெருமைகளில் கணிசமானவை இந்த வகையைச் சேர்ந்தவை என்பதால், அவற்றை மோசடி என்று கூவுவதைவிட எந்தப் படி என்று கேட்பதே முறை.

பெயரைவிட அதிகமாகப் பொய்யாக்கப்படுவது பிறந்த ஆண்டு. வயது வரம்புள்ள தொடர்களில் இரண்டு ஆண்டு மூத்த உடல் பெரும் வலிமை என்பதால், வயதைக் குறைத்துக் காட்டும் வழக்கம் இந்திய விளையாட்டுகள் பலவற்றில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அதைத் தடுக்க மத்திய அரசு வயது மோசடிக்கு எதிரான தேசிய நெறிமுறை ஒன்றையே வகுக்க நேர்ந்தது. இடக்கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் முதிர்ச்சியைக் கொண்டு வயதை மதிப்பிடும் டிடபிள்யூ-3 என்ற முறையும் பயன்படுகிறது, ஆயினும் அது தருவது மதிப்பீடே. பள்ளியில் சேர்க்கும்போது யாரோ சொன்ன தேதியே பிறந்த தேதியாகிவிட்ட குடும்பங்களில், பொய் சொன்னது இளைஞர்தானா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தகைய பெருமை ஏன் தேவைப்படுகிறது என்பதே இந்தப் பொருளின் வேதனையான பகுதி. தெற்கு ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, சுங்கத்துறை போன்ற நிறுவனங்கள் ஹாக்கி வீரர்களை வேலைக்கு எடுத்து அணி நடத்தின. அங்கே வீரரின் அடையாளத்துக்கு அலுவலகமே சாட்சி. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் அதை எட்டுபவர் சிலர். எஞ்சியவர்களை ஒப்பந்தத் தொழிலாளராகவோ தொழிற்பழகுநராகவோ எடுக்கும் ஆலை ஐ.டி.ஐ. சான்றிதழைக் கேட்கிறது, விடியற்காலை மைதானத்தில் கழிந்த பத்து ஆண்டுகளைக் கேட்பதில்லை. கேட்பாரற்றுப் போன அந்த ஆண்டுகளைச் சற்றே பெரிதாக்கி இணையத்தில் எழுதிக்கொள்பவரிடம் கடுமை காட்ட மனம் ஒப்பவில்லை. அதே பெருமையைக் காட்டி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கித் தருவதாகச் சக தொழிலாளியிடம் பணம் பெற்றால் நிலைமை முற்றிலும் மாறிவிடும். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. அங்கே இரக்கத்துக்கு உரியவர் மாதச் சம்பளத்தை இழந்தவரே.

2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் 24 நாடுகள் ஆடிய ஜூனியர் உலகக் கோப்பையில், ஒவ்வொரு கோலும் அடித்தவர் பெயரோடும் நிமிடத்தோடும் பதிவாகி உலகெங்கும் காணக் கிடைக்கிறது. மாவட்ட அணிக்கு ஆடிய தொழிலாளியிடம் இருப்பதோ, வண்ண அச்சுப்பொறி வைத்திருக்கும் எவரும் உருவாக்கிவிடக்கூடிய ஒரு காகிதச் சான்றிதழ். பொய்யரும் மெய்யரும் ஒரே மாதிரி ஐயுறப்படுவதற்கு இதுவே காரணம். தமிழ்நாடு ஹாக்கி அமைப்பும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாவட்ட, மாநில ஆட்டங்களின் குறிப்பேடுகளை ஆண்டு வாரியாக, ஆடியவர்களின் பெயரோடும் எண்ணோடும், எவரும் தேடிப் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பழைய குறிப்பேடுகள் மாவட்டச் செயலாளர்களின் அலமாரிகளில் எங்கெல்லாம் எஞ்சியிருக்கின்றனவோ, அவை செல்லரிக்கும் முன் அங்கிருந்து இந்த வேலையைத் தொடங்கலாம்.